பில்போர்டில் ஒரே பாட்டுக்கு இரண்டு இடங்கள்: எதைச் சொல்வது?

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து பழைய ஆங்கிலப் பாடல்களைப் பற்றி ஓர் ஒலித்தொடர் தயாரித்து வருகிறேன். ஒவ்வொரு பாட்டும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் எத்தனையாவது இடத்தைப் பிடித்தது என்று சொல்ல விரும்புகிறோம். ஆனால் ஒரே பாட்டுக்கு ஓரிடத்தில் முதலிடம் என்றும் இன்னோரிடத்தில் இரண்டாமிடம் என்றும் போட்டிருக்கிறார்கள். முதலிடத்தில் இருந்த வாரக் கணக்கும் மாறுகிறது. எதை நம்புவது? அந்தக் காலச் சாதனைகளை இன்றைய பாடகர்களின் சாதனைகளோடு ஒப்பிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு கணக்குகளும் சரியாகவே இருக்கக்கூடும். பில்போர்டு என்பது ஓர் இதழின் பெயர். அந்த இதழ் ஒரே வாரத்தில் பல பட்டியல்களை வெளியிட்டது, இன்றும் வெளியிடுகிறது. எனவே பட்டியலின் பெயர், இதழின் தேதி, அந்தப் பட்டியல் எதை எண்ணியது என்ற மூன்றும் தெரியாமல் ‘பில்போர்டில் முதலிடம்’ என்று சொல்வது பாதித் தகவல்தான்.

எல்விஸ் பிரெஸ்லியின் 1956-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ‘டோன்ட் பி குரூயல்’, மறுபக்கத்தில் ‘ஹவுண்ட் டாக்’. கடை விற்பனையை எண்ணிய பட்டியல் இரு பக்கங்களையும் ஒரே பதிவாகச் சேர்த்து 11 வாரங்கள் முதலிடம் தந்தது. அதே இதழின் ‘டாப் 100’ பட்டியலோ இரண்டையும் தனித்தனிப் பாட்டாகக் கருதியதால், முதல் பாட்டு 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘ஹவுண்ட் டாக்’ இரண்டாமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு நூலில் ‘ஹவுண்ட் டாக்’ முதலிடம் என்றும் மற்றொன்றில் இரண்டாமிடம் என்றும் இருந்தால், இருவரும் இதழைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பார்த்த பட்டியல்தான் வேறு.

இத்தனை பட்டியல்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை இதழின் வரலாறு விளக்குகிறது. 1894 நவம்பரில் ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் வில்லியம் டொனால்ட்சன், ஜேம்ஸ் ஹெனகன் ஆகிய இருவரும் இதைத் தொடங்கியபோது, சுவரொட்டி ஒட்டும் தொழிலில் இருந்தவர்களுக்கான செய்தித்தாளாகவே அது இருந்தது. சுவரொட்டிகளில் பெரும்பகுதி சர்க்கஸ், பொருட்காட்சி, மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கானவை என்பதால், இதழின் கவனம் விரைவில் அவற்றின் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகச் சுற்றும் கலைஞர்களுக்கு வரும் கடிதங்களைத் தன் அலுவலகத்தில் வாங்கி வைத்து, யார் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று இதழில் அச்சிட்டு அவர்களுக்குச் சேர்ப்பிக்கும் சேவையையும் அது நடத்தியது. அதன் வாசகர் என்றுமே பிழைப்புக்காக அதைப் படித்த தொழில்காரர்தான் என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1930-களில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் எந்திரங்கள் உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் பெருகியபோது, எந்தத் தட்டை உள்ளே வைத்தால் காசு விழும் என்று அறிய விரும்பிய எந்திர உரிமையாளர்கள் அதன் முக்கிய வாசகர்களானார்கள். கடைக்காரருக்கு எந்தத் தட்டை வாங்கிக் குவிப்பது என்ற கவலை. வானொலி அறிவிப்பாளருக்கு எதை ஒலிபரப்புவது என்ற கவலை. இவை வெவ்வேறு கேள்விகள் என்பதால் பட்டியல்களும் தனித்தனியாகவே பிறந்தன. 1940 ஜூலை 27 இதழில் கடை விற்பனைப் பட்டியல் முதன்முதலாக வந்தது. அதில் முதலிடம் பிடித்தது, இளைஞர் பிராங்க் சினாட்ரா பாடிய, டாமி டோர்சி இசைக்குழுவின் ‘ஐ’ல் நெவர் ஸ்மைல் அகெய்ன்’. ஜூக்பாக்ஸ், வானொலிப் பட்டியல்கள் அதே பத்தாண்டில் பின்தொடர்ந்தன. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சியாக 1955 நவம்பரில் ‘டாப் 100’ வந்தது. அதன் இடத்தை 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழில் ‘ஹாட் 100’ எடுத்துக்கொண்டது. முதல் வாரத்தில் அதன் உச்சியில் இருந்தவர் ரிக்கி நெல்சன். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய தனிப் பட்டியல்கள் நிறுத்தப்பட்டன.

ஆகவே உங்கள் தொடருக்கு நான் சொல்லும் விதி இது: 1958 ஆகஸ்டுக்குப் பிந்தைய பாட்டு என்றால் ‘ஹாட் 100’ இடத்தைச் சொல்லுங்கள்; அதற்கு முந்தையது என்றால் எந்தப் பட்டியல் என்று பெயரிட்டே சொல்லுங்கள். ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ 1955-இல் 8 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது கடை விற்பனைப் பட்டியலில். ‘ஹாட் 100’ முதலிடம் என்று அதைச் சொல்பவர்கள் அப்போது பிறக்காத ஒரு பட்டியலைச் சொல்கிறார்கள்.

கறுப்பின இசைக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1942 அக்டோபரில் ‘ஹார்லெம் ஹிட் பரேட்’ என்ற பெயரில் அவர்களுடைய இசைக்குத் தனிப் பட்டியல் தொடங்கியது. பின்னர் அது ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றானது. இதழில் பணிபுரிந்த ஜெர்ரி வெக்ஸ்லர் முன்மொழிந்த ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயர் 1949-இல் அதற்குச் சூட்டப்பட்டது. ஆனால் 1963 நவம்பர் இறுதியிலிருந்து 1965 ஜனவரி வரை இந்தப் பட்டியல் வெளிவரவே இல்லை. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை வெளியிட்ட மோடவுன் நிறுவனம் எழுச்சி பெற்ற அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் வெளியான பாட்டுக்கு இந்தப் பட்டியலில் இடம் காணாவிட்டால், கறுப்பின மக்களிடையே அது எடுபடவில்லை என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். எண்ணியவர்கள் எண்ணுவதை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எண்ணிய முறையிலேயே பெரிய பிளவு ஏற்பட்ட ஆண்டு 1991. அதுவரை தேர்ந்தெடுத்த கடைகளையும் வானொலி நிலையங்களையும் தொலைபேசியில் கேட்டு, நன்றாகப் போகும் தட்டுகளை அவர்கள் வரிசைப்படுத்திச் சொன்னதைக் கொண்டே பட்டியல் தயாரானது. கடைக்காரரின் ஞாபகம், ரசனை, நிறுவனப் பிரதிநிதியோடு அவருக்கிருந்த உறவு எல்லாம் அந்தப் பதிலில் கலந்தன. 1991 மே 25 தேதியிட்ட இதழ் முதல் ஆல்பம் பட்டியலும், நவம்பர் 30 இதழ் முதல் ‘ஹாட் 100’-உம் புதிய முறைக்கு மாறின. கல்லாவில் பார்கோடு வருடப்படும்போதே விற்பனையைப் பதிவுசெய்யும் சவுண்ட்ஸ்கேன் ஒருபுறம். ஒலிபரப்பாகும் பாட்டைக் கணினியே இனங்கண்டு எண்ணும் பிடிஎஸ் மறுபுறம். முறை மாறிய சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் உச்சிக்கு வந்தது. ராப் இசையும் கிராமியச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையும் பழைய முறையில் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தன என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பில்போர்டின் நீண்ட வரலாற்றில் இதுவே மிக முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து.

ஆனாலும் விதிகளின் ஓட்டைகள் அதோடு அடைபட்டுவிடவில்லை. 1998 டிசம்பர் வரை, கடையில் தனித் தட்டாக விற்கப்படாத பாட்டுக்கு ‘ஹாட் 100’-இல் இடமில்லை. முழு ஆல்பத்தையே வாங்க வைப்பதற்காக நிறுவனங்கள் தனித் தட்டு வெளியிடாமல் தவிர்த்ததால், நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலிப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும் ‘ஹாட் 100’-இல் ஒரு வாரம்கூடத் தலைகாட்டவில்லை. 1990-களின் பாடல்களைத் தொடரில் சேர்த்தால் வானொலிப் பட்டியலையும் அவசியம் பாருங்கள். பின்னர் 2005-இல் கட்டணப் பதிவிறக்கங்களும், 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகளும் கணக்கில் சேர்ந்தன. யூடியூப் சேர்ந்த அந்த முதல் வாரமே ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடத்தில் நுழைந்தது.

ஒப்பீட்டுக்கு வருவோம். 1964 ஏப்ரல் 4 பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸ் குழுவினுடையவை. அந்த ஐந்தும் தனித்தனித் தட்டுகள்; கேப்பிட்டல், ஸ்வான், வீ-ஜே, அதன் துணை நிறுவனமான டாலி என்று வெவ்வேறு முத்திரைகளில் வந்தவை; ஒவ்வொன்றையும் ரசிகர் காசு கொடுத்துத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. 2022 நவம்பர் 5 பட்டியலில் டெய்லர் ஸ்விஃப்ட் முதல் பத்து இடங்களையும் பிடித்தபோது, அவை அனைத்தும் ஒரே ஆல்பத்தின் பாடல்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்களே பத்துப் பாடல்களையும் மேலேற்றிவிட முடியும். இரண்டுமே பெரும் சாதனைகள்தாம். ஆனால் ஒன்று தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் எடைபோட்டது, மற்றொன்று பெருமளவு ஸ்ட்ரீமிங்கில் கேட்டதை எடைபோட்டது. ‘பீட்டில்ஸ் சாதனையை முறியடித்தார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. கணக்கு மாறியதை ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.

போட்டி இதழ்களையும் மறக்க வேண்டாம். 1942 முதல் 1996 வரை நடந்த ‘கேஷ் பாக்ஸ்’ தன் சொந்தப் பட்டியலை வெளியிட்டது. ‘ரெக்கார்ட் வேர்ல்டு’ 1982 வரை நடந்தது. இணையத்தில் பில்போர்டு என்ற பெயரில் உலவும் சில இடங்கள் உண்மையில் இவற்றுடையவை.

தமிழர் தொடர்புள்ள செய்திகளுக்கும் இதே அளவுகோல்தான். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-இல் ‘ஹாட் 100’-இலேயே 4-ஆம் இடத்தை எட்டியது. 2019 ஜனவரியில் ‘ரவுடி பேபி’ 4-ஆம் இடம் பெற்றது பில்போர்டின் யூடியூப் பட்டியலில். இரண்டும் பெருமைக்குரியவை, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. 2022 பிப்ரவரி முதல் இந்தியாவுக்கென்றே ஒரு தனிப் பட்டியலும் வெளிவருவதால், ‘பில்போர்டில் இடம்’ என்ற செய்தி வந்தால் எந்தப் பட்டியல் என்று கேட்டுவிடுங்கள்.

சரிபார்ப்பதற்கு, 1940-கள் முதலான இதழ்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு கூகுள் புக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘ஹாட் 100’ தொகுப்புகளில் ஜோயல் விட்பர்ன் 1970 முதல் வெளியிட்ட நூல்களே நம்பகமானவை. ஆனாலும் சந்தேகம் வந்தால் இதழின் பக்கமே இறுதித் தீர்ப்பு. தேதி விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: இதழின் தேதி எண்ணப்பட்ட வாரத்துக்கு முன்னோக்கியே இருக்கும். மேலே சொன்ன டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் அக்டோபர் 21 வெள்ளியன்று வெளியானது. 21 முதல் 27 வரையான விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும்தான் நவம்பர் 5 தேதியிட்ட பட்டியலாக வந்தது. ஆகவே ‘அந்த நாளில் நாடே கேட்ட பாட்டு’ என்று அறிவிப்பதைவிட, ‘1964 ஏப்ரல் 4 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம்’ என்ற வடிவில் உங்கள் உரையை எழுதிக்கொள்ளுங்கள்.