மியூஸ்ஸ்கோரில் எழுதிய பாட்டை ரீப்பருக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: பர்கூரில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்காக நான்கு குரல், வயலின், புல்லாங்குழல் வைத்து ஒரு பாட்டை மியூஸ்ஸ்கோர் 4 என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் எழுதியிருக்கிறேன். மிடியாக எடுத்து, பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளான ரீப்பரில் போட்டால் சத்தமே இல்லை. டெம்போ (பாட்டின் வேகம்) 120 என்று நிற்கிறது. சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே டிராக்கில் வருகின்றன. இரண்டு முறை வர வேண்டிய சரணம் ஒரே முறைதான் வருகிறது. அடுத்த மாதம் ஓசூர் ஸ்டுடியோவில் பதிவு. என்ன செய்யலாம்?

பதில்: சத்தம் வராதது கோளாறு இல்லை. மிடி ஃபைலுக்குள் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற விவரம்தான் இருக்கும். ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கிலும் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி ஒரு இன்ஸ்ட்ருமென்ட் பிளகின், அதாவது வாத்திய ஒலி தரும் துணை மென்பொருள், போட வேண்டும். போட்டும் ஊமையாக இருந்தால் சேனலைப் பாருங்கள். டிராக் 3-ஆம் சேனலில் அனுப்ப, பிளகின் 1-ஆம் சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிளகினில் ‘ஆம்னி’ (எல்லாச் சேனலும்) என்று மாற்றினால் போதும்.

குரல்கள் ஒட்டி வருவதற்குக் காரணம், இரண்டையும் ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) எழுதியிருப்பதுதான். மிடியில் ஒரு ஸ்டாஃபுக்கு ஒரு டிராக். பாட்டை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அந்த நகலில் ஆல்ட்டோவுக்குத் தனி ஸ்டாஃப் சேருங்கள். செலக்ஷன் ஃபில்டரில் சோப்ரானோ இருக்கும் வாய்ஸ் 1-இன் டிக்கை எடுத்துவிட்டுப் பழைய ஸ்டாஃப் முழுவதையும் தேர்ந்து காப்பி செய்தால் ஆல்ட்டோ மட்டும் வரும். புதியதில் ஒட்டிவிட்டுப் பழையதில் அழித்துவிடுங்கள். டெனர், பேஸுக்கும் இதே வேலை.

சரணத்துக்கு, எக்ஸ்போர்ட் சாளரத்தில் மிடியைத் தேர்ந்ததும் வரும் ‘எக்ஸ்பாண்ட் ரிபீட்ஸ்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். பாட்டு எடுப்பு தள்ளித் தொடங்கினால், முன்னால் நிற்கும் அரைகுறை அளவுக்கு (பார்) பதில் மௌனக்குறிகளோடு ஒரு முழு அளவாகவே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அளவுக் கோடுகள் தள்ளி விழுந்து, தாளம் காட்டும் க்ளிக் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் என்று ஆகும்.

ரீப்பரில் புதிய ப்ராஜெக்ட் திறந்து, கர்சரைத் தொடக்கத்தில் வைத்து ஃபைலைச் சேருங்கள். டிராக்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கவா, டெம்போ மேப்பை (எந்த இடத்தில் என்ன வேகம் என்ற விவரத்தை) சேர்க்கவா என்று கேட்கும். இரண்டுக்கும் ஆம். அவசரத்தில் இரண்டாவதைத் தாண்டிவிடுவதால்தான் ரீப்பரின் 120 அப்படியே நிற்கிறது.

வயலினில் இனி ஒரு சிக்கல் வரும். நீங்கள் எழுதிய ‘பி’ (மெதுவாக) அழுத்தம் 49 ஆகவும் ‘எஃப்’ (பலமாக) 96 ஆகவும் போகும். ஆனால் அழுத்தம் ஸ்வரம் தொடங்கும்போது ஒரு முறை பதிவாவதோடு சரி. நான்கு துடிப்பு இழுக்கும் ஸ்வரம் நடுவில் பெருகாது. பல வயலின் லைப்ரரிகள் (வயலின் ஒலித் தொகுப்புகள்) நீண்ட ஸ்வரத்தில் அழுத்தத்தைக் கண்டுகொள்வதே இல்லை, ஸ்வரம் ஒலிக்கும்போதே மாற்றக்கூடிய சிசி 1 என்ற மிடி கட்டுப்பாட்டைத்தான் பார்க்கும். மிடி எடிட்டரின் அடியில் சிசி 1 பட்டையைத் திறந்து கையால் வரையுங்கள், சில லைப்ரரிக்கு சிசி 11. கமகம் இன்னும் கஷ்டம். ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வழக்கமாக மேலும் கீழும் 2 அரைஸ்வரம்தான் போகும், அதுவும் அந்தச் சேனல் முழுவதையும் சேர்த்தே வளைக்கும். புல்லாங்குழல் வாசிக்க ஆள் கிடைத்தால் மிடியை வழிகாட்டியாக மட்டும் வைத்து நேரில் பதிவு செய்வதே மேல்.

ஸ்டுடியோவில் ரீப்பருக்குப் பதில் க்யூபேஸ் என்ற பதிவு மென்பொருள் இருந்தால் உங்கள் சி4 ஸ்வரம் அங்கே சி3 என்று தெரியும். பெயரிடும் முறைதான் வேறு, ஸ்வரம் அதேதான். யாரும் ஒரு ஆக்டேவ் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் மிடியோடு மியூசிக்எக்ஸ்எம்எல் (வேறு இசைக்குறிப்பு மென்பொருளிலும் திறக்கும் ஃபைல்), பிடிஎஃப், மியூஸ்ஸ்கோரிலிருந்து எடுத்த ஒரு வேவ் ஃபைல் மூன்றும் இருக்கட்டும். மிடியில் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாகச் சிதையலாம் என்பதால் பாடுபவர்களுக்கு பிடிஎஃப் தேவைப்படும். வேவை ரீப்பரில் மிடிக்குப் பக்கத்தில் முதல் அளவிலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். கடைசி அளவுவரை இரண்டும் சேர்ந்தே போனால் ஃபைல் சரி. போகப்போக விலகினால் டெம்போ மேப் வரவில்லை, மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.