சங்கும் இரண்டாம் இலக்கமும்

அன்பின் ஐயா,

2024 ஜனாதிபதித் தேர்தலில் நான் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னமான சங்குக்குப் புள்ளடி (X) போட்டேன். அம்மம்மாவையும் ஆட்டோவில் கூட்டிப்போய்ப் போடவைத்தேன். கனடாவிலுள்ள மாமா, “வாக்கைப் பிரித்து சஜித்தைத் தோற்கடித்தது நீங்கள்தான்” என்று இன்னும் ஏசுகிறார். 2000 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ரால்ஃப் நேடர் மூன்றாம் வேட்பாளராகப் புளோரிடா மாநிலத்தில் நின்று அல் கோரைக் கவிழ்த்ததை உதாரணம் காட்டுகிறார். மூன்றாம் வேட்பாளரால் முடிவு மாறுமா? எங்கள் வாக்கு வீணா? நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

தர்சன், வவுனியா

அன்புள்ள தர்சன்,

அம்மம்மாவைக் கூட்டிப்போனீரே, அதற்காகவே உம்மை எனக்குப் பிடித்துவிட்டது. மாமாவின் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். அரியநேத்திரனுக்கு நாடு முழுவதும் விழுந்தவை 2,26,343 வாக்குகள். சஜித் பின்தங்கியது 12 இலட்சத்துக்கும் மேல். சங்கு முழுவதையும் அவருக்கு ஊதியிருந்தாலும் வென்றிருக்க மாட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது உமது புள்ளடியில்தான். மூன்று விருப்பம் குறிக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. புள்ளடிக்குப் பதிலாக 1, 2, 3 என்று எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். 1982 முதல் இருக்கிற ஏற்பாடு. 2024-இல்தான் முதல்தடவையாகத் தேவைப்பட்டது. அன்று என்ன நடந்தது தெரியுமா? நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து, வென்ற அநுரவுக்குப் போனவை 1,05,264. சஜித்துக்கு 1,67,867. நூற்றுக்கு எட்டு! மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் இருவரில் யாருக்கும் போகாமல் நின்றுவிட்டன. அவற்றில் பத்துக்கு ஏழு சஜித்துக்குப் போயிருந்தால் நாட்டுக்கு வேறு ஜனாதிபதி. அப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாமிடத்துக்கு வந்த ரணிலுக்குப் போட்டவர்கள் எல்லோரும் சஜித்தை விரும்பினார்கள் என்று யார் கண்டது? ஆனால் கையில் பேனாவோடு நின்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் வந்துவிட்டு, பிறகு ‘வாக்குப் பிரிந்தது’ என்று அழுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீரும் அவர்களில் ஒருவர்.

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் சித்தப்பா, தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலத்தின் ஆள். ஐயாவோ (என் அப்பா) சிறிமாவோவின் கட்சி வேட்பாளர் கொப்பேகடுவ பக்கம். சிறிமாவோ காலத்தில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போய், அந்தக் காசில் வீட்டுக்கு ஓடு போட்டவர் ஐயா. “உன்ர வாக்கால ஜே.ஆர். வரப்போறார்” என்று தம்பியை ஏசினார். ஜே.ஆர். ஜயவர்தன 52.9 வீதத்தோடு வந்தார். சித்தப்பா போட்டாலும் போடாவிட்டாலும் வந்திருப்பார். ஆனாலும் பொங்கல்வரை இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. அம்மாதான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேலியால் போய்வருவார். சித்தப்பா இரண்டாவது இடத்தில் கொப்பேகடுவவை எழுதியிருந்தால் ஐயாவுக்குச் சண்டை பிடிக்கக் காரணமே இருந்திராது. அந்த வசதியை இரண்டு பேருக்கும் யாரும் விளங்கப்படுத்தவில்லை. அவர்களை மன்னிக்கலாம். கையில் போனோடு திரியும் உம்மை எப்படி மன்னிப்பது?

நேடருக்கு வருவோம். புளோரிடாவில் புஷ் கோரை முந்தியது 537 வாக்குகளால். நேடர் எடுத்தது 97 ஆயிரத்துக்கு மேல். ஆகவே மூன்றாமவரால் முடிவு மாறலாம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் இரண்டாம் விருப்பம் எழுத இடமே கிடையாது. ‘நேடர், இல்லாவிட்டால் கோர்’ என்று நினைத்தவருக்கு அதைச் சொல்ல வழியில்லை. அங்கே பழி எண்ணும் முறைக்கு. இங்கே அப்படித் தப்ப முடியாது.

அப்புறம், மாமாவிடம் 2005-ஐ ஞாபகப்படுத்தும். அந்த ஜனாதிபதித் தேர்தலில் ரணிலை மகிந்த வென்றது ஏறத்தாழ 1,80,000 வாக்குகளால். புலிகளின் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தத் தேர்தலைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதும்.

வாக்கு வீணா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது அரியநேத்திரனை நிறுத்தியவர்கள் அந்த 2,26,343-ஐ வைத்து என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது, அவர்களிடம் கேளும்.

நான் யாருக்குப் போட்டேன் என்பதையும் சொல்ல மாட்டேன். மூன்று இலக்கமும் எழுதினேன்.