கடிதம்: விசா சலுகைதானே?

அன்புள்ள ஐயா,

செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா வெளிநாட்டவரை நடத்திய விதத்தைக் குறைசொல்லி எழுதியிருந்தீர்கள். விசா உரிமை அல்ல, சலுகை. அடிபட்ட நாடு சல்லடை போட்டுச் சலிப்பதில் என்ன தப்பு? பிடிக்காதவர்கள் போகாமல் இருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாரை உள்ளே விடுவது என்பது அந்த நாட்டின் முடிவுதான். 2004இல் விமான நிலையங்களில் கைரேகை எடுக்கத் தொடங்கினார்கள். விசா வேண்டாத ஐரோப்பியர்களையும் அதே ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். சரி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொது. அதில் எனக்குப் புகாரில்லை.

என் புகார் 2002இல் வந்த சிறப்புப் பதிவைப் பற்றியது. பட்டியலில் 25 நாடுகள்; வட கொரியாவைத் தள்ளினால் கிட்டத்தட்ட எல்லாமே முஸ்லிம் நாடுகள். அங்கிருந்து தற்காலிக விசாவில் வந்திருந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் குடிவரவு அலுவலகத்துக்குத் தாங்களாகவே போய்க் கைரேகையும் போட்டோவும் கொடுத்து, விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் தெற்குக் கலிஃபோர்னியாவில் அப்படிப் போன நூற்றுக்கணக்கானவர்களை, பெரும்பாலும் ஈரானியர்களை, வந்த இடத்திலேயே பிடித்து உள்ளே வைத்தார்கள். பலர்மீது இருந்தது விசா கெடு தாண்டிய குற்றம். அதிலும் சிலருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் அதே அரசிடம்தான் கிடப்பில் இருந்தது! சதியோடு வந்தவன் எவனாவது தானாகப் போய் இந்த வரிசையில் நிற்பானா?

80,000 பேருக்கு மேல் பதிந்தார்கள். 13,000க்கும் அதிகமானோர்மீது நாடுகடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதக் குற்றத்துக்காக இதன் மூலம் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. 2011இல் நிறுத்திவைத்தார்கள், 2016இல் விதிகளையே நீக்கினார்கள்.

நிஜமாகவே சிக்கியிருக்க வேண்டிய ஆள் 2009இல் வந்தான். நைஜீரிய இளைஞன். அவனுடைய அப்பாவே அபுஜாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், மகனின் போக்கு சரியில்லை என்று எச்சரித்திருந்தார். அப்படியும் விசா ரத்தாகவில்லை. கிறிஸ்துமஸ் நாளன்று டெட்ராய்ட் விமானத்தில், உள்ளாடையில் தைத்த வெடிபொருளோடு ஏறிவிட்டான். குண்டு சரியாக வெடிக்கவில்லை. அவனை மடக்கியவர்கள் சக பயணிகள். அந்த 25 நாடுகளில் நைஜீரியா இல்லை. இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. தகவல் கையில் இருந்தது, அதைப் படித்து விசாவை நிறுத்த ஆளில்லை.

அப்புறம், ‘போகாமல் இருக்கலாமே’ என்கிறீர்கள். பதிவு செய்யச் சொல்லிக் கூப்பிட்டது ஏற்கெனவே உள்ளே வந்து படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருந்தவர்களை. எல்லைக்குள் வந்துவிட்ட வெளிநாட்டவருக்கும் முறையான சட்ட நடைமுறை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2001இல் சொல்லியிருக்கிறது. நான் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை.