ஓ, யூ, ஜி, எச்: நான்கு எழுத்துகளும் பல ஒலிகளும்

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் தொடர்ந்து வரும் சொற்கள் எவை, அவற்றின் பொருள் என்ன, ஏன் அவை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இந்த எழுத்துத்தொடர் ஒரு விகுதியன்று. எனவே இதற்கெனத் தனிப்பொருள் கிடையாது. டஃப் என்றால் கடினமானது, ரஃப் என்றால் சொரசொரப்பானது, இனஃப் என்றால் போதுமானது, காஃப் என்றால் இருமல். இவற்றின் இறுதியில் ஃப் ஒலிக்கிறது. த்ரூ (ஊடாக), தோ (என்றாலும்), டோ (பிசைந்த மாவு), பௌ (மரக்கிளை), தாட் (எண்ணம்) ஆகியவற்றில் ஜி, எச் இரண்டும் ஊமையாகிவிடுகின்றன.

பழைய ஆங்கிலத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றில் தொண்டையிலிருந்து உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. அதைக் குறிக்கவே பிற்கால எழுத்தர்கள் ஜி, எச் என்று எழுதினர். தோ என்பதற்கு உறவான டோக் என்ற ஜெர்மன் சொல்லில் அவ்வொலி இன்றும் கேட்கிறது. ஆங்கிலத்திலோ அது சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆகத் திரிந்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துவிட, உச்சரிப்பு மட்டும் தன்போக்கில் மாறிக்கொண்டே சென்றது.

வேடிக்கையானது விக்கலைக் குறிக்கும் ஹிக்கப்: இருமலோடு தொடர்புடையதெனத் தவறாகக் கருதி அதற்கும் இந்நான்கு எழுத்துகளை ஒட்டினார்கள், ஒலி என்னவோ ப் என்றே முடிகிறது.