வாழை, பப்பாளி வைரஸ் நோய்கள்: கேள்வி பதில்

கம்பத்திலிருந்து: ஐயா, நாலஞ்சு வாழையில இலை குறுகி, உச்சியில கொத்தா நிக்குது. என்ன மருந்து அடிக்கலாம்?

முடிக்கொத்து நோய் மாதிரி தெரிகிறது. இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நரம்போரம் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடினால் அதேதான். அந்த மரத்தைக் காப்பாற்ற மருந்தே கிடையாது. கடையில் எதைக் கொடுத்தாலும் காசுக்குத்தான் கேடு.

ஆனால் அவசரப்பட்டு வெட்டிச் சாய்க்காதீர்கள். குருத்திலும் மட்டை இடுக்கிலும் இந்த வைரஸைப் பரப்பும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி அடைந்திருக்கும்; கலைத்தால் அடுத்த மரத்துக்குப் போகும். முதலில் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொல்லுங்கள். பிறகு பக்கக்கன்றோடு கிழங்கையும் தோண்டித் துண்டு போடுங்கள். கிழங்கின் ஒரு முளைக்கண் மண்ணில் தங்கினாலும் நோயோடுதான் முளைக்கும்.

அரிவாளில் பரவுமா? அதே குழியில் மறுபடி நடலாமா?

அரிவாளிலும் பரவாது, மண்ணிலும் பரவாது. பழைய கிழங்கு மிச்சமில்லை என்றால் தாராளமாக நடலாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல கன்று தர்றேங்கிறார். வாங்கலாமா?

அவர் தோட்டத்தில் நோய் தலைகாட்டியிருந்தால் வேண்டாம். தொற்றிய கன்று சில வாரம் வரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சிறுமலையிலும் பழனி கீழ்மலையிலும் விருப்பாட்சி வாழை சுருங்கியதற்கு இந்த நோய் பெரிய காரணம். திசு வளர்ப்புக் கன்று வாங்கினாலும் வைரஸ் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: பப்பாளிக் காயில் வட்ட வட்டமா விழுது. வாரம் தவறாம மருந்து அடிச்சும் நிக்கல அண்ணே.

நிற்காது தம்பி. இது வளையப்புள்ளி வைரஸ். வாழை அசுவினி மணிக்கணக்கில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால்தான் வைரஸ் ஏறும். அங்கே பூச்சிமருந்துக்குக் கொஞ்சம் வேலை உண்டு. பப்பாளியில் அசுவினி வந்து ஒரு நிமிஷம் குத்திப் பார்த்தாலே போதும், மருந்தில் சாவதற்குள் வைரஸைக் கொடுத்துவிடும். நாற்றை வலைக்குள் வளர்த்து, நடுவதற்கு முன்பே வரப்பைச் சுற்றி மக்காச்சோளம் நெருக்கமாகப் போடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் சோளத்தைக் குத்தும். வாயில் ஒட்டிய வைரஸ் அங்கேயே போய்விடும். முழுசாகத் தடுக்காது, தள்ளிப்போடும். பப்பாளியில் அதுவே லாபம். ஊடுபயிராகப் பூசணி, வெள்ளரி வேண்டாம். அதே வைரஸ் அவற்றிலும் வரும்.

ஹவாயில் நோய் வராத பப்பாளி இருக்காமே?

இருக்கிறது. மரபணு மாற்றிய 'ரெயின்போ', 1998 முதல் சாகுபடியில். இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை.

நோய் வந்த மரத்துப் பழத்தைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இந்த வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. இனிப்புதான் குறைவாக இருக்கும்.