மண்வெட்டியை ஏன் ஒளித்தீர்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. உரும்பிராயில் 50 வருசமாக வெங்காயம் செய்தவர். ஆவணியில் அவருடைய கூட்டாளி ஒருவர் நித்திரையிலேயே போய்விட்டார். அன்றுதொட்டு இரவு இரண்டு மணிக்கு எழும்பி நாடி பிடித்துப் பார்க்கிறார், ‘நான் போகப்போறன்’ என்கிறார். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, பிறசர் குளிசை மட்டும்தான். கனடாவில் இருக்கும் தம்பி பிறசர் மெஷின் அனுப்பினான். நாளுக்கு ஏழெட்டுத் தடவை அளக்கிறார். நாங்கள் அவரைப் பூப்போலத்தான் பார்க்கிறோம். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம், மண்வெட்டியைக்கூட மாமா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். இருந்தும் பயம் குறையவில்லை.
– வாசகி, உரும்பிராய்

பதில்: பிள்ளை, காணியைக் குத்தகைக்கு விட்டதை வயதுக்காக என்று விட்டுவிடுவோம். மண்வெட்டியை ஏன் ஒளித்தீர்? கள்ளனுக்குப் பயந்தா? அந்த மனுசன் அதை எடுத்துவிடுவார் என்றுதானே. அப்படியென்றால் எடுக்க அவருக்கு மனம் இருந்திருக்கிறது. சாகப்போகிறேன் என்று நடுங்குகிறவரிடம் மிச்சமிருந்த அந்த மனத்தையும் நீங்கள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் மாறுவது, வெங்காயம் கிண்டுவதற்கு எத்தனை நாள் முதல் தண்ணீரை நிற்பாட்டுவது, நிற்பாட்டாவிட்டால் கட்டித் தூக்கிய பிறகு எப்படி அழுகும் என்றெல்லாம் அவரைக் கேட்டுப்போக ஆட்கள் வந்திருப்பார்கள். இன்றைக்கு அவரிடம் வீட்டில் கேட்கிற ஒரே கேள்வி, ‘குளிசை போட்டீங்களா?’

செத்துப்போவோம் என்று தெரிந்தும் மனுசர் எப்படிச் சோறு சாப்பிட்டு நித்திரை கொள்கிறார்கள்? இதைப் பற்றி 1973இல் ஏர்னஸ்ட் பெக்கர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதினார். அதை வைத்து 1986இல் கிறீன்பேர்க், பிஸ்சின்ஸ்கி, சொலமன் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு கோட்பாடு கட்டினார்கள். நான் மதிக்கிற ஆட்களுக்குள் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, என்னால் ஒரு காரியம் ஆகிறது என்ற தன்மதிப்புத்தான் மரணபயத்தை அடக்கி வைக்கிறது என்றார்கள். 1992இல் சோதனையும் வெளியிட்டார்கள். சில மாணவர்களிடம், உங்களுடைய ஆளுமைச் சோதனை முடிவு மிக நன்று என்றார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண முடிவு. பிறகு பிரேதப் பரிசோதனையும் மின்சார மரணதண்டனையும் உள்ள படம் காட்டினார்கள். சாதாரண முடிவு கிடைத்தவர்களுக்குப் பதற்றம் ஏறியது, மற்றவர்களுக்கு ஏறவில்லை. (இதே கோட்பாட்டின் வேறொரு சோதனையை 2022இல் வெளியான பெரிய மறுஆய்வு உறுதிப்படுத்தவில்லை. வேதவாக்காக எடுக்கவேண்டாம்.)

அதற்காக இன்றிரவே ‘அப்பா, நீங்கள் கெட்டிக்காரர்’ என்று தொடங்காதேயும். பயந்திருக்கிற கிழவருக்கு அது வழியனுப்புகிற பேச்சாகத்தான் கேட்கும்.

மண்வெட்டியைத் திருப்பி எடுத்துவாரும். குத்தகைக்காரருடன் கதைத்து ஒரு பரப்பை விடுவியும். இந்தப் போகம் முடியாது என்றால் வீட்டு வளவில் நாலு பாத்தி போடட்டும். காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் போதும். 16 லீற்றர் மருந்தடிக்கிற மெஷினை முதுகில் ஏற்றக்கூடாது, உச்சி வெயில் கூடாது. பிறசர் குளிசை போடுகிறவருக்குக் குனிந்து நிமிரும்போது தலை சுற்றலாம். மெல்ல எழும்பச் சொல்லும். பக்கத்தில் யாராவது இருந்தால் சரி, காவல் நிற்கவேண்டாம்.

பிறசர் மெஷின் காலையிலும் பின்னேரமும் மட்டும். அளக்க முதல் அரை மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை. ஐந்து நிமிசம் சாய்ந்து பேசாமல் இருக்கவேண்டும், பாதம் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிச இடைவெளியில் இரண்டு தரம் அளந்து எழுதி வையும். படபடக்கும்போது அளந்தால் கூடத்தான் காட்டும். அந்த இலக்கத்தைக் கண்டு இன்னும் படபடக்கும், பிறகு இன்னொரு தரம் அளப்பார். ஆகவே இரவில் அது அலுமாரிக்குள் இருக்கட்டும். இரண்டு மணிக்கு எழும்பினால் நாலு செக்கன் மூச்சை இழுத்து ஆறு செக்கன் விடச் சொல்லும். அந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். நெஞ்சை அமுக்கி, கைக்கோ தாடைக்கோ வலி ஓடி, வியர்த்துக் கொட்டினால் மூச்சுப் பயிற்சி பார்க்கவேண்டாம், உடனே 1990 அம்புலன்சுக்கு எடும்.

சாவைப் பற்றிக் கதைத்தால் ‘சும்மா இருங்கோ அப்பா’ என்று வாயை அடைக்கிறதையும் விடும். காணி உறுதி யாருக்கு எழுதுவது, கொள்ளி வைக்கத் தம்பி வரவேண்டுமா என்பதெல்லாம் அவர் தீர்மானிக்கவேண்டிய அலுவல். பேனையும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போய் இரும்.

பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கதிரையில் இருத்திச் சோறு போட்டால் ஊர் ‘நல்ல பிள்ளை’ என்னும். அந்தப் பேருக்காகவும்தான் ஒளித்தீர் என்றால் கோபிப்பீர். கோபியும்.

ஒன்றைக் கவனியும். சாப்பாடு குறைந்து, உடம்பு மெலிந்து, ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போம். அவசரமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடும். அது வேறு வருத்தம், மருந்து இருக்கிற வருத்தம். அதைத் தோட்டத்தால் மாற்றப் பார்க்காதேயும்.