சரே குன்றுகளில் ஒரு மிதிவண்டிச் சுற்று: கேள்வி பதில்

லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் நகரில் தொடங்கி, கோல்டுஹார்பர், லீத் குன்று, ஹோம்பரி செயின்ட் மேரி, பீஸ்லேக், ஷியர், அபிஞ்சர் ஹாமர் வழியாக டார்க்கிங்கிற்கே திரும்பும் சாலைச் சுற்றைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக எல்லாப் பருவங்களிலும் அந்தச் சுற்றில் ஓட்டிவருபவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர்தான் என்கிறீர்கள். சமவெளியில் 50 கிலோமீட்டர் எளிதாக ஓட்டும் எனக்கு இது கடினமாக இருக்குமா?

கடினம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமவெளிக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே டார்க்கிங் பள்ளத்தாக்கிலிருந்து லீத் குன்றின் தோள்வரை ஏறிவிடுகிறோம். உச்சியின் உயரம் 294 மீட்டர். சாலை அதற்குச் சற்றுக் கீழே செல்கிறது. சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற தூரத்திற்கு இங்கே மூன்று மணி நேரம் ஒதுக்கினால் அவசரமின்றி ஓட்டலாம்.

கேள்வி: ஷியர் பக்கமாகத் தொடங்கி லீத் குன்றில் முடிப்பதே நல்லது என்று நண்பர் சொல்கிறார். எந்தத் திசை சரி?

வலஞ்சுழியாக, அதாவது முதலில் தெற்கே கோல்டுஹார்பருக்கு ஏறிச் செல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. இங்கே கிழக்கு மேற்காக இரண்டு மலைத்தொடர்கள் ஓடுகின்றன: வடக்கே சுண்ணப் பாறையாலான நார்த் டவுன்ஸ், தெற்கே பசுமணற்கல்லாலான லீத், ஹோம்பரி குன்றுகள். இரண்டிற்கும் தெற்கு முகம் செங்குத்தானது, வடக்கு முகம் சாய்வானது. ஆகவே எந்தக் குன்றையும் வடக்கிலிருந்து அணுகினால் ஏற்றம் நீளமாகவும் மெதுவாகவும், தெற்கிலிருந்து அணுகினால் குறுகியதாகவும் கொடுமையாகவும் இருக்கும். கோல்டுஹார்பர் சாலை வடக்கு முகத்தின் வழியே ஏறுவதால், இடையிடையே மூச்சு வாங்க இடம் கொடுத்துக்கொண்டே நம்மை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

காற்றும் இதற்குத் துணை நிற்கிறது. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். நாம் மேற்கு நோக்கிச் செல்லும்போது மரங்கள் அடர்ந்த பாதை அந்த எதிர்க்காற்றைத் தடுத்துவிடுகிறது. திரும்பி வரும்போதோ திறந்த பள்ளத்தாக்கில் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. திரும்பும் வழியில் வரும், வண்டிகள் மிகுந்த ஏ25 நெடுஞ்சாலையில் நாம் இருக்க வேண்டிய நேரம் அதனால் குறைகிறது என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

கேள்வி: கியரும் டயரும் எப்படி இருக்க வேண்டும்?

முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 32 பல் வரை இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நார்த் டவுன்ஸ் பக்கம் மழைக்குப் பிறகு கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் சாலைக்கு வந்துவிடும். இலையுதிர் காலத்தில் உழவர்கள் வேலிப் புதர்களை வெட்டும்போது முட்கள் சிதறிக் கிடக்கும். இரண்டு மாற்று டியூப் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று போதும் என்று நினைத்துப் புறப்பட்ட ஒரு நவம்பர் மாதத்தில், பீஸ்லேக்கிலிருந்து கோம்ஷல் ரயில் நிலையம்வரை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கேள்வி: சந்துபோன்ற சாலைகளில் கார்களும் குதிரைகளும் எதிரே வந்தால்?

பல நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் மென்மையான மணற்கல்லைத் தேய்த்ததால், இங்குள்ள சில பாதைகள் இருபுறமும் ஆளுயரத்திற்கு மேல் கரைகள் எழும்பிய பள்ளங்களாகிவிட்டன. வேர்கள் தொங்க, இலைகள் மேலே கூரை வேய, நண்பகலிலும் அங்கே இருட்டாக இருக்கும். எனவே பகலிலும் விளக்கு எரியட்டும். இறக்கத்தில் ஈர இலையும் மணலும் சேர்ந்து வழுக்கும், ஆகையால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணியடிப்பதைவிட, தொலைவிலேயே குரல் கொடுத்து, மெதுவாக, நல்ல இடைவெளி விட்டுக் கடப்பது நல்லது. மனிதக் குரலைக் கேட்டால் குதிரை மிரளுவது குறைவு.

கேள்வி: 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயம் நடந்த பாக்ஸ் குன்றையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். டார்க்கிங்கிற்கு வடக்கே உள்ள அதன் வளைந்து வளைந்து ஏறும் சாலை 2.5 கிலோமீட்டர் நீளம். சராசரிச் சரிவு 5 விழுக்காடு. ஆண்கள் அந்தக் குன்றை ஒன்பது முறையும் பெண்கள் இரண்டு முறையும் சுற்றினார்கள். ஒரே சீராக ஏறுவதால் புதியவர்களுக்கு உண்மையில் அதுவே எளிய ஏற்றம். அபிஞ்சர் ஹாமருக்கு அருகே வடக்கே பிரியும் ஒயிட் டவுன் சாலை அப்படியல்ல. அது சுண்ணத் தொடரின் தெற்கு முகத்தில் நேராக ஏறுவது, சரிவு 18 விழுக்காடு அளவுக்குப் போகும். முதல் முறை வருபவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வழியில் நின்று பார்க்க வேண்டிய இடம் எது?

லீத் குன்றின் மேல் 1765 வாக்கில், அருகே வாழ்ந்த ரிச்சர்டு ஹல் என்பவர் கட்டிய கோபுரம். சாலையோரம் வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து ஏற வேண்டும், ஆனால் தெற்கே விரியும் காட்சிக்காக அந்த நடையைத் தவறவிடாதீர்கள். பீஸ்லேக் கடையில் சீஸ் ஸ்ட்ரா (பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட நீளமான தின்பண்டம்) சாப்பிடாமல் வருபவர்கள் குறைவு. அபிஞ்சர் ஹாமரில் சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்தில் ஒரு கொல்லன் பொம்மை மணிக்கொரு முறை சுத்தியலால் மணியடிக்கும். டில்லிங்போர்ன் ஆற்றின் விசையால் இரும்படித்த பழைய பட்டறையின் நினைவு அது. ‘எவ்வளவு விரைவாகச் செல்வது என்பதை என்னால் அறிவாய்’ என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள்.

கேள்வி: ரயிலில் மிதிவண்டியை ஏற்றலாமா?

லண்டனின் வாட்டர்லூ, விக்டோரியா நிலையங்கள் இரண்டிலிருந்தும் டார்க்கிங்கிற்கு ரயில் உண்டு. வேலை நாட்களில் நெரிசல் நேரத்தில் மடக்க முடியாத வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஆனால் பராமரிப்புப் பணிக்காகப் பாதையை மூடுவதும் பெரும்பாலும் ஞாயிறுகளில்தான் என்பதால், முதல் நாள் இரவே நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.